கோப்பின் வால்

முதல் துரோகம் நூற்பாலை நிர்வாகம் செய்தது. கொடி பிடித்ததற்காக மாசிலாமணியை வெளியே தள்ளியது. இரண்டாவது சங்கம் செய்தது. சமரசப் பேச்சு முடிந்ததும் அவரை மறந்தது. மூன்றாவது, அவர் எழுதிய துண்டறிக்கையை இன்னொருவன் பெயரில் அச்சடித்தார்கள். நான்காவது, பெற்ற மகனே பெயருக்குப் பின்னால் சாதியை ஒட்டிக்கொண்டு கல்யாணப் பத்திரிகை அடித்தான். இந்த வரிசை மாறவே மாறாது. யாராவது மாற்றிச் சொன்னால் பேச்சை நிறுத்தித் திருத்துவார்.

அன்று ஐந்தாவது சேர்ந்தது.

"கம்ப்யூட்டரும் முதலாளி பக்கந்தான், டீச்சர்."

டீச்சர் ஜெமிமாவுக்கு அவர் வயதில் பாதிகூட இருக்காது. கடைத்தெரு மாடியில் கணினி வகுப்பு நடத்தினாள். இனி தன் அறிக்கையைத் தானே அச்சுக்கோத்துக்கொள்வதென்று அங்கே சேர்ந்திருந்தார் மாசிலாமணி. எதற்கும் எதிர்க்கேள்வி கேட்கும் மாணவர்.

அவர் பக்கத்தில் பொன்மொழி நின்றாள். கணவன் குருநாதன் இறந்து இன்னும் மாதம் முடியவில்லை. அதற்குள் குருநாதனின் அண்ணன் வேலுச்சாமி, "கல்யாணமே நடக்கல, சமைச்சுப் போட வந்தவ" என்று வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். தாலியில்லாமல், மந்திரமில்லாமல், மாசிலாமணி தலைமையில் மாலை மாற்றிய கல்யாணம் அது. நாளைக் காலை வட்டாட்சியர் முன் வாரிசு விசாரணை. அதற்குச் சாட்சியாய் மிச்சமிருந்தது ஒரு பழைய வீடியோ சிடி. அதிலிருந்து எடுத்த கோப்பைத் திறந்தால், கணினி வெகு நேரம் திணறி, திரை முழுக்கப் பூச்சி பூச்சியாய் எழுத்தைக் கொட்டியது.

"அழிச்சுட்டானுங்க," என்று மேசைகளுக்கு நடுவே குறுக்கும் நெடுக்கும் நடந்தார் மாசிலாமணி.

"எதுல திறந்தீங்க?"

"நோட்பேட்ல. புள்ளிக்குப் பின்னால டி-ஏ-டி-ன்னு வால் இருக்கு. போன வாரம் வருகைப்பதிவு மெஷின்லேர்ந்து ஒண்ணு எடுத்துக் காட்டுனீங்களே, அதுக்கும் இதே வால். அது நோட்பேட்ல வரிவரியா வந்துச்சு."

"வந்துச்சு. அதனால?"

"ஒரே வால்னா ஒரே சாதிதானே, டீச்சர்?"

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. பின்வரிசையில் ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். ஜெமிமா சிரிக்கவில்லை.

"நீங்களா சொல்றீங்க, தோழர்?"

"மனுசன் வேற, மெஷின் வேற."

"மெஷின் பாவம். இந்த வால் வந்தா எப்பவும் நோட்பேட்லயே திறன்னு டிக் போட்டது யாரு?"

"நான்தான்."

"வாலை வெட்டுங்க."

அவர் பெயரின் முடிவுக்குப் போய் நான்கு முறை அழித்தார். திரையில் ஒரு பெட்டி முளைத்தது.

"வெட்டினா கோப்பு உபயோகமில்லாமப் போகலாம்னு பயங்காட்டுது, டீச்சர்."

"உங்க பேர்ல சாதி வாலை வெட்டுனப்போ யாரும் பயங்காட்டலையா?"

"எங்கப்பா காட்டுனாரு. அரிவாளோட."

"அப்புறம்?"

மாசிலாமணி பொன்மொழியைப் பார்த்தார். அவள் முந்தானை நுனியைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் பொத்தானைத் தட்டினார். வால் போயிற்று.

"இப்பத் திறங்க. என்ன சொல்லுது?"

"எதை வச்சுத் திறக்கணும்னு கேக்குது."

"இதுக்கு முன்னாடி கேட்டுச்சா?"

அவர் வீடியோ ஓடும் செயலியைத் தேர்ந்தெடுத்தார். சாமியானாப் பந்தல் விரிந்தது. ஒலிபெருக்கி கரகரத்தது. மாலையோடு குருநாதன் சிரித்தான். பொன்மொழி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"வீடியோவுக்கும் இதே வால் வரும்னு அன்னைக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா அதுக்கும் 'எப்பவும்'னு டிக் போட்டிருப்பீங்க."

மறுநாள் வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலுச்சாமி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணினியில் கோப்பைப் பார்த்த எழுத்தர் தலையைச் சொறிந்தார்.

"பின்னால ஒண்ணுமே இல்லையே, பெரியவரே. என்னது இது?"

"திறங்க. அதுவே கேக்கும்," என்றார் மாசிலாமணி.

திரையில், தலை நரைக்காத மாசிலாமணி ஒலிவாங்கிமுன் தாளை விரித்தார். "மணமகன் குருநாதன். மணமகள் பொன்மொழி."

கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான். "முழுப் பேரைப் படிய்யா! பின்னால ஒண்ணும் இல்லாம அது என்ன பேரு?"

கேமரா அவன் பக்கம் திரும்பியது. மீசை அப்போது கறுப்பு. மற்றபடி அதே வேலுச்சாமி.

வட்டாட்சியர் திரையைப் பார்த்தார். பிறகு, நடக்காத கல்யாணத்தில் நின்று சத்தம் போட்ட ஆளைப் பார்த்தார். வேலுச்சாமியின் கட்டியிருந்த கை அவிழ்ந்தது. திரையில் இருந்த மாசிலாமணி சொன்னார்:

"இதுதான்யா முழுப் பேரு. சாட்சிக்கு வந்தவங்க எல்லாரும் இன்னொரு தரம் கேட்டுக்கங்க. பொன்மொழி."