எட்டாத தண்ணீர்ப் பந்தல்

ஒரு காட்டில் யானை ஒன்று தண்ணீர்ப் பந்தல் வைத்திருந்தது. கோடையில் குட்டைகள் எல்லாம் வற்றிப் போயின. யானை தினமும் தூரத்து ஆற்றுக்கு நடந்தது. சுரைக்குடுக்கைகளில் தண்ணீர் மொண்டு, முதுகில் சுமந்து வந்து, ஆலமரத்தடியில் இருந்த குழிந்த பாறையில் ஊற்றியது. நல்ல மனசு அந்த யானைக்கு. கொதிக்கும் மண்ணில் நடந்து நடந்து அதன் பாதம் வெடித்திருந்தது.

சிங்கராஜாவுக்கு வேறு கவலை. காட்டுப் பாதையில் மரங்கள் விழுந்து கிடந்தன. அவற்றைத் தள்ள யானை வேண்டும்.

"இந்தப் பந்தலால நிஜமாவே பலன் இருக்கா? பார்த்துட்டு வந்து சொல்லு. இல்லைன்னா நிறுத்திடலாம்!" என்று சிங்கம் மரங்கொத்தியை அனுப்பியது.

மரங்கொத்திக்கு ஏற்ற வேலைதான். எந்த மரம் உறுதி, எந்த மரம் உள்ளே உளுத்துப் போனது என்று தட்டிப் பார்த்தே சொல்லிவிடும்.

பந்தலுக்கு வந்த மரங்கொத்தியைக் கண்டதும் யானை சுரைக்குடுக்கையைக் கீழே வைத்தது. "என்ன தம்பி, என் வேலையில ஓட்டை போட வந்தியா?"

"ஐயோ, இல்லண்ணே! சும்மா நாலு பேரைக் கேட்கப் போறேன்."

மரங்கொத்தி பறந்து போய்ப் பாறையின் விளிம்பில் உட்கார்ந்தது. குடிக்க வந்தவர்களை எல்லாம் கேட்டது. யானையும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

"தண்ணி எப்படி இருக்கு?"

"தேனு மாதிரி!" என்றது மான்.

"யானை அண்ணன் நல்லா இருக்கணும்!" என்றது காட்டெருமை.

எல்லோர் வாயிலும் ஒரே பாட்டு. யானை காதை ஆட்டி ஆட்டிக் கேட்டது. வேலை இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று மரங்கொத்திக்கும் மகிழ்ச்சி. ராஜாவிடம் சொல்லக் கிளம்பியது.

வழியில் ஒரு காய்ந்த மரம். பழக்க தோஷம் சும்மா விடுமா? டொக் டொக் என்று தட்டியது.

"அடடா, மெதுவா!" என்றது கீழே இருந்து ஒரு குரல். "குட்டிங்க இப்பதான் கண் அசந்துச்சு!"

மரத்தடிப் புதரில் ஒரு தாய்முயல் வேரைச் சுரண்டி, அதில் இருந்த ஈரத்தைக் குட்டிகளின் வாயில் தடவிக்கொண்டிருந்தது. குட்டிகளின் உதடு வறண்டு வெடித்திருந்தது. ஒன்றுக்குத் தலை நிற்கவில்லை.

மரங்கொத்தி பதறியது. "அக்கா, கூப்பிடு தூரத்துல தண்ணீர்ப் பந்தல் இருக்கே! தெரியாதா?"

"தெரியாம என்ன தம்பி? அந்தப் பாறை என்ன உயரம், என்ன வழுக்கல்! தாவித் தாவிப் பார்த்தேன், எட்டலை. ஆமை, முள்ளம்பன்றி, எலி, யாருக்கும் எட்டலை. அதான் யாரும் போறதில்லை."

மரங்கொத்திக்குச் சுருக்கென்றது. பறந்து போய் உட்கார்ந்த தனக்குப் பாறையின் உயரமே தெரியவில்லை! வந்தவர்களைக் கேட்டோம், வராதவர்களை நினைக்கவே இல்லையே என்று வெட்கப்பட்டது.

"யானை அண்ணன்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"அவர் பாதத்தைப் பார்த்தியா? எப்படிச் சொல்ல வாய் வரும்? குறை சொல்லப் போய்ப் பந்தலையே மூடிட்டா, மான் குட்டிங்களும் தவிச்சுப் போகுமே!"

மரங்கொத்திக்கும் அதே பயம் வந்தது. உள்ளதைச் சொன்னால் ராஜா பந்தலை நிறுத்திவிடுவார். மறைத்தால் இந்தக் குட்டி பிழைக்காது. கொஞ்ச நேரம் கிளையில் முன்னும் பின்னும் நடந்தது. பிறகு ராஜாவிடம் பறந்தது.

"ஒரே வார்த்தை போதும்," என்றது சிங்கம். "நல்லதா? கெட்டதா?"

"ஒரே வார்த்தையில அடங்காது ராஜா! தண்ணி நல்லது. பெரியவங்க பிழைக்கிறாங்க. ஆனா சின்னதுங்களுக்கு எட்டலை."

"அப்போ பாதிதான் பலன். நிறுத்து!"

"ராஜா, நிறுத்தினா அந்தப் பாதியும் போயிடும்! யானை அண்ணன் ஒருதடவை முயல் வீட்டைப் பார்க்கட்டும். அப்புறம் முடிவு பண்ணுங்க."

சிங்கம் அரை மனதோடு எழுந்தது. யானையையும் கூட்டிக்கொண்டு மூவரும் முயல் வீட்டுக்குப் போனார்கள். யானை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தது. இவ்வளவு உழைத்தும் குறையா என்ற வருத்தம் அதற்கு. அது நியாயம்தானே?

ஆனால் புதருக்குள் எட்டிப் பார்த்ததும் அந்த வருத்தம் பறந்துவிட்டது. யானையின் கண் கலங்கியது.

"யாரும் குறை சொல்லலையேன்னு, எல்லாரும் குடிக்கிறாங்கன்னு நினைச்சேனே!"

அது பந்தலுக்கு ஓடியது. பாறையைச் சுற்றிச் சிந்திய தண்ணீரில் மண் குழைந்திருந்தது. யானை அதில் வெடித்த பாதத்தை அழுத்தி அழுத்தி வைத்தது. ஒவ்வொரு தடமும் ஒரு சின்னக் குழி ஆனது. அவற்றில் தண்ணீரை ஊற்றியது.

தாய்முயல் குட்டிகளைக் கவ்விக் கொண்டுவந்தது. தலை நிற்காத குட்டி முதலில் நக்கியது. பிறகு உறிஞ்சியது. பிறகு நிமிர்ந்து, "இன்னும்!" என்றது.

ஆமையும் முள்ளம்பன்றியும் எலிகளும் வரிசையாக வந்தன. சிங்கம் தொண்டையைச் செருமியது. "விழுந்த மரம் எங்கே போயிடப் போகுது? மழை வந்தப்புறம் தள்ளிக்கலாம்!"

மரங்கொத்தி விடைபெற்றுப் பறக்கப் போனது. யானை கூப்பிட்டது.

"தம்பி, மறுபடியும் வா. இங்கே வராதவங்க வேற யாரு இருக்காங்கன்னு தேடிப் பாரு. நல்லா தட்டிப் பாரு!"

நாம் செய்யும் உதவி நல்லதா என்று அறிய, அதைப் பெற்றவர்களைக் கேட்டால் மட்டும் போதாது. பெறாதவர்களையும் தேடிப் போய்க் கேட்க வேண்டும்.