பதினெட்டுக் கட்டில்களும் ஒரு வலைத்தளமும்

"டீச்சர், எனக்கு வெறுத்துப் போச்சு. அந்த வெப்சைட்டை இழுத்து மூடிருங்க."

பலவேசம் அண்ணாச்சிக்கு ஐம்பத்தாறு வயது. பாளையங்கோட்டையில் நோயாளிகளுக்கான கட்டில், சக்கர நாற்காலி, வாக்கர் எல்லாம் வாடகைக்கு விடுகிறார். விடுகிறார் என்று போர்டில் எழுதியிருக்கிறது. குடோனில் பதினெட்டுக் கட்டில்கள் வெளியே போகாமல் நிற்கின்றன.

டீச்சர் ஜெபக்கனிக்கு இருபத்தொன்பது. மார்க்கெட் தெருவில் ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. தங்கள் வலைத்தளத்தை நாலு பேர் கண்ணில் பட வைப்பது எப்படி என்று சின்னக் கடைக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாள். அவளிடம் படிக்க வருகிற எல்லாருக்கும் தலை நரைத்திருக்கும்.

"என்ன செஞ்சீங்க?" என்று கேட்டாள்.

"என்ன செய்யலன்னு கேளுங்க."

அண்ணாச்சி விரல்களை மடக்கத் தொடங்கினார்.

"ரீல்ஸ் போட்டேன். எங்க அக்கா மவன் வீல்சேர்ல உக்காந்து சுத்திச் சுத்தி ஆடினான். பதினோராயிரம் பேரு பாத்திருக்காவ."

"யாராவது கேட்டாங்களா?"

"கேட்டாவ. அது என்ன பாட்டுன்னு."

ஜெபக்கனி சிரிக்கவில்லை.

"அப்புறம்?"

"தெனமும் காலைல வாட்சப்புல எல்லாருக்கும் வணக்கம் அனுப்புதேன், கட்டில் படத்தோட. பொங்கலுக்கு ஸ்பெஷலா செஞ்சேன். இந்தப் பக்கம் கரும்பு, அந்தப் பக்கம் பானை, நடுவுல நம்ம கட்டில்."

"பொங்கலுக்கா?"

"'தங்கள் இல்லத்துக்கும் எங்கள் கட்டில் வரட்டும்'னு நானே வாசகம் எழுதினேன். சம்பந்தி போன் போட்டு, எங்க வீட்டுல யாரு படுக்கணும்னு ஆசப்படுதீருன்னு கேட்டுட்டாரு. அன்னைலருந்து பேச்சுவார்த்தை இல்ல."

"அப்புறம்?"

"விளம்பரம் குடுத்தேன். க்ளிக் வருது. போன் வரல. க்ளிக்க வச்சு நாக்கு வழிக்கவா?"

அண்ணாச்சி நாற்காலியில் சாய்ந்தார். பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"குடோன் மச்சானோடதுல்லா. கெடு வச்சுட்டாரு. இன்னும் எட்டு நாளு. அதுக்குள்ள வழி பொறக்கலன்னா, கட்டில இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுட்டு பந்தல் சாமான் அடுக்கப் போறாராம்."

"அவரே போட்டுருவாரா?"

"அவரு போடுவாரு. அவருக்கு அது இரும்பு." அண்ணாச்சியின் குரல் இறங்கியது. "ஆறு வருஷமா ஒவ்வொண்ணா வாங்கினது டீச்சர். ஒவ்வொண்ணுக்கும் நானே உக்காந்து பெயின்ட் அடிச்சேன்."

ஜெபக்கனி மடிக்கணினியை மூடினாள்.

"நாளைக்குக் காலைல எலும்பு ஆஸ்பத்திரிக்குப் போங்க. மருந்து குடுக்கிற ஜன்னலுக்கு முன்னாடி பெஞ்சு கிடக்கும். சாயங்காலம் வரைக்கும் உக்காருங்க."

"நோட்டீஸ் குடுக்கவா?"

"வேண்டாம்."

"விசிட்டிங் கார்டு?"

"வேண்டாம். வாயே திறக்காதீங்க. காதுல விழுறதை எழுதிட்டு வாங்க."

"இதுதான் டிஜிட்டல் மார்க்கெட்டிங்கா?"

"ஆமா."

"இதுக்கு எதுக்கு டீச்சர் கரண்டு?"



மறுநாள் மாலை அண்ணாச்சி நோட்டோடு வந்தார். முதுகு வலிக்கிறது என்றார். அந்தப் பெஞ்சில் மூட்டைப்பூச்சி இருக்கிறது என்றார்.

ஜெபக்கனி நோட்டை வாங்கிப் படித்தாள்.

'கட்டில் விசாரணை: நான்கு. வீல்சேர் விசாரணை: இரண்டு. வாக்கர் விசாரணை: ஒன்று.'

"விசாரணைன்னு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லல. சுருக்கமா எழுதினேன்."

"சுருக்காதீங்க. நாளைக்கும் போங்க."

"டீச்சர், ஏழு நாளுதான் இருக்கு."

"ரூமைப் பூட்டப் போறேன் அண்ணாச்சி."

அதற்கடுத்த நாள் நோட்டில் பன்னிரண்டு பக்கம் நிறைந்திருந்தது. ஜெபக்கனி ஒரு வரி விடாமல் படித்தாள்.

'மாத்திரை சோத்துக்கு முன்னாடியா பின்னாடியா.' 'டீ வெந்நி மாதிரி இருக்கு.' 'மூத்தவன் எட்டிக்கூடப் பாக்கல, சொத்துன்னா மட்டும் வருவான்.' 'அந்த நர்சுக்கு என்ன திமிரு.'

"இதுல என் யாவாரம் எங்க இருக்கு டீச்சர்?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். நாளைக்கும் போங்க."

அண்ணாச்சி எழுந்துவிட்டார்.

"நீங்க என்னதான் படிச்சிருக்கீங்க?"

"எம்.எஸ்ஸி. கம்ப்யூட்டர்."

"அதுல இப்படித்தான் சொல்லிக் குடுத்தாவளா?"

"இல்ல. படிச்சு முடிச்சு மூணு வருஷம் வேலை கிடைக்கல. ஒவ்வொரு ஆபீஸ் வாசல்லயும் பெஞ்சுல உக்கார வச்சாங்க. அப்பக் கத்துக்கிட்டேன்."

"எனக்கு மூணு வருஷம் கெடையாது."

"ஆறு நாள் இருக்குல்லா?"

அண்ணாச்சி படியில் இறங்கும் சத்தம் தையல் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

நாலு நாள் அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. அக்கா மகனைக் கூப்பிட்டு இன்னொரு ரீல் எடுத்தார். இந்த முறை வாக்கர். அதை ஐம்பது தடவை பார்த்திருப்பதாகக் காட்டியது. அதில் முப்பது தடவை அவரே பார்த்தது.

கெடு முடிய ஒரு நாள் இருந்தது. வீட்டில் இருந்தால் மச்சான் வருவார். குடோனுக்குப் போனாலும் மச்சான் வருவார். அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்குப் போனார்.

பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். மடியில் ஆஸ்பத்திரி ஃபைல், எக்ஸ்ரே கவர். கையில் போன். எதையோ தட்டினாள், அழித்தாள், மறுபடியும் தட்டினாள்.

அவள் எழுதியது அண்ணாச்சியின் கண்ணில் பட்டது.

'அப்பா சாய்ஞ்சு உக்கார என்ன வாங்கணும்'

போன் பதில் தந்தது. தலையணை வந்தது. சாய்வு நாற்காலி வந்தது. முதுகுவலிக்கு ஐந்து ஆசனங்கள் வந்தன.

பலவேசம் அண்ணாச்சி வரவில்லை.

அந்தப் பெண் விரலால் மேலே தள்ளிக்கொண்டே இருந்தாள். அண்ணாச்சி கூடவே பார்த்துக்கொண்டிருந்தார். பத்தாவது, இருபதாவது, முப்பதாவது. அவர் வரவே இல்லை.

அவள் நிமிர்ந்தாள்.

"அண்ணாச்சி, இங்க வார்டுல கிடக்குல்லா, கைப்பிடியச் சுத்தினா தலைமாடு மட்டும் மேல வருமே. அந்தக் கட்டிலுக்கு என்ன பேரு?"

வாய் திறக்கக் கூடாது என்பது டீச்சர் உத்தரவு. ஆறு வருஷத் தொழில் கேட்கவில்லை.

"செமி ஃபௌலர் காட்."

"என்னது?"

"செமி ஃபௌலர். கால்மாடும் தூக்கினா ஃபுல் ஃபௌலர். ஏபிஎஸ் பேனல், பவுடர் கோட்டிங்."

அவருடைய வலைத்தளத்தின் முதல் பக்கம் அதுதான். எழுத்து மாறாமல் சொன்னார்.

அந்தப் பெண் அவர் முகத்தையே பார்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. கோபம்போலவும் இருந்தது.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணாச்சி. நாளைக்கு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாவ. வீட்டுல பாய்தான். படுத்தபடியே குடுத்தா புரையேறிரும், உக்கார வச்சுத்தான் குடுக்கணும்னு டாக்டர் சொல்லுதாரு. என் ஒருத்தியால அவரத் தூக்கிப் புடிக்க முடியாது. எங்கப்பா உக்காந்து கஞ்சி குடிக்கணும். அவ்வளவுதான்."

அண்ணாச்சி பேனாவைத் திறந்தார். எழுதவில்லை. மூடிவிட்டார்.

"வீடு எங்கம்மா?"

"மேலப்பாளையம்."

மறுநாள் காலை ஜெபக்கனி அறையைத் திறந்து விளக்குமாற்றை எடுத்தபோது, அண்ணாச்சி படியேறி வந்தார். வேட்டியில் எண்ணெய்க் கறை ஒட்டியிருந்தது.

"கம்ப்யூட்டரத் திறங்க டீச்சர்."

"இன்னைக்குத்தானே கடைசி நாள்? மச்சான் வரலையா?"

"வந்துட்டாரு. இரும்புக் கடை வண்டியோட குடோன் வாசல்ல நிக்காரு."

"நீங்க இங்க நிக்கீங்க?"

"சாவி எங்கிட்டல்லா இருக்கு."

"அண்ணாச்சி!"

அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, அணைத்து வைத்தார்.

"உள்ள எத்தனை கட்டில் இருக்கு?"

"பதினேழு. ஒண்ணு நேத்து ராவோட மேலப்பாளையம் போயிட்டு. கைப்பிடி கிறீச்சுன்னு கத்திச்சு, எண்ணெ போட்டுக் குடுத்தேன்."

அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வலைத்தளத்தின் முதல் பக்கம் திரையில் வந்தது. மேலே பெரிய எழுத்தில் இருந்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். பிறகு ஒற்றை விரலால் தட்டினார். வெகுநேரம் ஆனது. நடுவில் போன் இரண்டு முறை அடித்தது.

முடித்ததும் நகர்ந்து உட்கார்ந்தார். ஜெபக்கனி விளக்குமாறும் கையுமாகக் குனிந்து படித்தாள்.

'அப்பா உட்கார்ந்து கஞ்சி குடிக்க வேண்டும்.'

"இது தேடுறவங்க கண்ணுல பட நாளாகும் அண்ணாச்சி."

"ஆகட்டும்."

"மச்சான்?"

"நிக்கட்டும்."

அவள் அந்த வரியை மறுபடியும் படித்தாள். அவளுக்குள் இருந்த எம்.எஸ்ஸி. சும்மா இருக்கவில்லை.

"கட்டில்ங்கிற வார்த்தையே இல்லையே அண்ணாச்சி."

"ரெண்டாவது வரியில வரும் டீச்சர். மொதல்ல அவரு குடிச்சு முடிக்கட்டும்."