மைனஸ் எழுபது டிகிரி

“டீச்சர், சூத்திரம் அத்தனையும் மனப்பாடம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவேன். கணக்கு மட்டும் ஏன் வரமாட்டேங்குது?”

கேட்டவர் காத்தமுத்து. வயது நாற்பத்து நான்கு. சர்க்கரை ஆலையில் பதினெட்டு வருடமாக பாய்லர் உதவியாளர்.

பதில் சொல்ல வேண்டியவர் ஜெசிந்தா. வயது இருபத்தேழு. ஜெராக்ஸ் கடை மாடியில் இயற்பியல் டியூஷன் எடுப்பவர்.

பாய்லரைத் தனியாக இயக்குவதற்கான சான்றிதழ்த் தேர்வில் காத்தமுத்து இரண்டு முறை தோற்றிருந்தார். இரண்டு முறையும் காலை வாரியது இயற்பியல் தாள். மூன்றாவது முறைதான் கடைசி. அதுவும் போனால் பாய்லரை விட்டுவிட்டு, முற்றத்தில் கரும்பு இறக்கப் போக வேண்டும் என்று ஆலையில் சொல்லிவிட்டார்கள்.

ஜெசிந்தா அவருடைய நோட்டைப் புரட்டினார்.

வெந்நீர் இரண்டு லிட்டர், 80 டிகிரி. பச்சைத் தண்ணீர் மூன்று லிட்டர், 30 டிகிரி. இரண்டையும் கலந்தால் வெப்பநிலை என்ன?

மைனஸ் 70 என்று எழுதி, சுற்றிலும் கட்டம் போட்டு, அடியில் இரண்டு கோடும் இழுத்திருந்தார். பிறகு அதை அடித்துவிட்டு 50 என்று எழுதியிருந்தார்.

“மைனஸ் எழுபதுலேர்ந்து அம்பதுக்கு எப்படிண்ணே வந்தீங்க?”

“புத்தகத்துல பின்பக்கம் பார்த்தேன் டீச்சர்.”

“நடுவுல இருக்கிற வரியெல்லாம்?”

“அம்பது வர்ற மாதிரி கொஞ்சம் தட்டிக் கொட்டினேன்.”

ஜெசிந்தா சிரிக்கவில்லை. புத்தகத்தை வாங்கினார். விடைகள் இருந்த கடைசி ஆறு பக்கங்களை ஒரே இழுப்பில் கிழித்தார். இழுப்பறையில் போட்டுப் பூட்டினார்.

காத்தமுத்து அந்தப் பூட்டையே பார்த்தார்.

“இனிமே சரியா தப்பான்னு எனக்கு யாரு சொல்றது?”

“பாய்லர்கிட்ட நிக்கும்போது யாரு சொல்றாங்க? எந்தப் புத்தகத்துப் பின்பக்கத்தைப் பார்த்து நெருப்பைக் கூட்டுறீங்க?”

“அது வேற டீச்சர். அது வேலை. இது படிப்பு.”

“சரி. நாளைக்கு வாங்க.”

மறுநாள் மின்சாரக் கணக்கு. 240 வோல்ட்டில் எரியும் 60 வாட் பல்பு எவ்வளவு மின்னோட்டம் எடுக்கும்? காத்தமுத்து 4 ஆம்பியர் என்று எழுதிக் கட்டம் போட்டார்.

“சரியா டீச்சர்?”

ஜெசிந்தா வேறொரு மாணவனின் தாளைத் திருத்திக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“உங்க வீட்டுல நாலு ஆம்பியர் எடுக்கிற சாமான் என்ன இருக்கு?”

“இஸ்திரிப் பெட்டி.”

“ம்.”

“ஏன் டீச்சர்?”

ஜெசிந்தா அடுத்த தாளை எடுத்தார்.

காத்தமுத்து தன் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த பல்பின் மேல் ஒரு சட்டையை விரித்துத் தேய்ப்பதுபோல் நினைத்துப் பார்த்தார். மேலே இருக்க வேண்டியதையும் கீழே இருக்க வேண்டியதையும் மாற்றிப் போட்டு வகுத்திருந்தார். சத்தமில்லாமல் அடித்துவிட்டு, கால் ஆம்பியர் என்று எழுதினார்.

“இப்ப சரியா?”

“என்கிட்டயேதான் கேப்பீங்களா?”

அந்த வாரம் முழுக்க அவர் கேட்டார். அந்த வாரம் முழுக்க ஜெசிந்தா பதில் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

“பீஸ் வாங்கிக்கிட்டு வாயைத் திறக்க மாட்டேங்கிறீங்களே!”

“கத்துங்க அண்ணே. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் மட்டும்தான் இருக்கார்.”

அடுத்த வாரம் ஒரு நாள் காத்தமுத்து நோட்டிலிருந்து தாமாகவே ஒரு பக்கத்தைக் கிழித்துக் கசக்கினார்.

“என்ன அது?” என்றார் ஜெசிந்தா.

“லாரி ஓரத்துக் கண்ணாடி. பின்னால வர்ற பஸ்ஸு, நிசத்துல இருக்கிறதைவிட மூணு மடங்கு பெருசாத் தெரியுதுன்னு வந்துச்சு. டிரைவர் குதிச்சு ஓடிடுவான்.”

ஜெசிந்தா மீண்டும் தாள் திருத்தப் போய்விட்டார். அன்று காத்தமுத்து எதையும் அவரிடம் கேட்கவில்லை.

தேர்வுக்கு முதல் நாள் மட்டும் வாசலில் நின்றார்.

“ஏதாவது சொல்லி அனுப்புங்க டீச்சர்.”

“சாப்பிட்டுட்டுப் போங்க.”

தேர்வறையில் அவரைச் சுற்றி இளவட்டங்கள். தெரிந்த கணக்குகளையெல்லாம் போட்டுவிட்டு மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தார். கடைசிக் கணக்கும் சரியாக இருந்தால்தான் தேற முடியும்.

ஒருவர் 60 கிலோ மூட்டையைக் கயிறு கட்டி, 8 மீட்டர் உயரத்துக்கு ஒரு நிமிடத்தில் இழுத்து ஏற்றுகிறார். அவருடைய திறன் என்ன?

சூத்திரம் உடனே வந்தது. எடை, உயரம், நேரம். கை தானாக ஓடியது. 4800 வாட். கட்டம் போட்டார். இரண்டு கோடு இழுத்தார். பேனாவை மூடினார்.

மணியடிக்க எட்டு நிமிடம் இருந்தது. தாளைக் கொடுத்துவிட்டு எழுந்திருக்கலாம்.

4800 வாட்.

ஆறு குதிரைத் திறனுக்கும் மேல். ஆலையில் குடிதண்ணீர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டாரே ஐந்துதான்.

காத்தமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தார். முடியவில்லை. மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

“என்னங்க, என்ன சிரிப்பு?”

காத்தமுத்து பேனாவைத் திறந்து கட்டத்தின் குறுக்கே கோடு இழுத்தார்.

“பாவம் சார் இந்த ஆளு. ஒரு நிமிஷத்து வேலையை ஒரே செகண்டுல செய்ய வச்சுட்டேன்.”