ஆறு அங்குலமும் நூறு கிலோமீட்டரும்

வெள்ளானைப்பாளையத்தில் அறிவுக்கு எந்தக் காலத்திலும் குறைவு வந்ததில்லை. யாரும் அதை எடுத்துச் செலவழிப்பதில்லை என்பதால் வைத்தது வைத்தபடி இருந்தது. இந்தச் சிக்கனத்தில் ஊருக்கே முன்மாதிரி மின்னல் ஸ்போர்ட்ஸ் கார் சங்கம். சங்கத்தில் நாலு பேர். நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். சக்கரத்துக்கு ஒருவர் பங்காளி. அவரவர் சக்கரத்துக்கு அவரவர்தான் காற்றடிப்பார்கள்; அடுத்தவர் சக்கரத்தைத் தொட மாட்டார்கள். அப்படியொரு நாகரிகம்.

தலைவர் நாச்சிமுத்து, பொருளாளர் ஆறுக்குட்டி, உறுப்பினர் திருமூர்த்தி. செயலாளர் சென்னியப்பன். நம் கதை இந்தச் சென்னியப்பனுடையது, பாவம்.

சென்னியப்பனுக்கு முப்பத்துநாலு வயது. ஏழு இடத்தில் பெண் பார்த்து ஏழும் தட்டிப்போய், எட்டாவதாகச் சேடங்காட்டு சுகந்தி சரி என்று சொல்லிவிட்டாள். சொன்னதோடு நில்லாமல் ஒருமுறை சிரிக்கவும் செய்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து நினைத்து சென்னியப்பன் ஒரு வாரம் சோற்றில் குழம்பு ஊற்ற மறந்தான். அவளைக் கட்டாவிட்டால் உயிர் வாழ்வதில் பிரயோசனம் இல்லை என்று உண்மையாகவே நம்பினான்.

இடைஞ்சல் பெண்ணின் அப்பா கிட்டுசாமி ரூபத்தில் வந்தது. அவர் சேடங்காட்டு வார்டு மெம்பர். ஐந்து வருஷப் பதவியில் அவர் செய்த ஒரே சாதனை, தன் வீட்டு வாசலுக்கு நேராக ஒரு வேகத்தடை போட வைத்ததுதான். பெண் பார்க்கப் போன அன்றைக்கு, தரையோடு தரையாகத் தவழ்கிற அந்தக் காரின் வயிறு வேகத்தடையில் இடித்து நின்றது. வண்டியை ரிவர்ஸில் எடுத்து, ஊர் எல்லையில் விட்டுவிட்டு, நாலு பேரும் நடந்து போனார்கள். கிட்டுசாமிக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது.

"என்ற வேகத்தடையப் பாத்துட்டுத் திரும்பிப் போற வண்டி என்ற ஊட்டுக்கு எதுக்குங்? வர்ற ஞாயித்துக்கெழம அதும்மேல ஏறி வந்து நிச்சயத் தட்ட வாங்கிக்கோணும். சாயந்தரம் நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள வாங்குலீன்னா கோழிப்பண்ணக்காரர் பையனுக்கு முடிச்சுருவேன்" என்று சொல்லிவிட்டார்.

சங்கம் அவசரமாகக் கூடியது. கார் உயரமானால்தான் செயலாளருக்குக் கல்யாணம் என்று தீர்மானம் போட்டார்கள். கோயம்புத்தூர் மெக்கானிக் ஸ்டீபன், வேண்டியபடி ஏற்றி இறக்கிக்கொள்ளும் சஸ்பென்ஷனை நாலு சக்கரத்துக்கும் மாட்டிக் கொடுத்தார். ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வளையம் உண்டு. அதை ஸ்பேனரால் திருகினால் வண்டி உயரும், எதிர்ப்பக்கம் திருகினால் தாழும். ஸ்டீபன் ஆளைப் பார்த்தே எடை போடுகிறவர். அதனால் செய்ய வேண்டியதையெல்லாம் ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார்.

"வழக்கமான பாரத்தோடு, தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் நடுவில் ஆறு அங்குலம் இருக்க வேண்டும்" என்பது முதல் வரி. நாச்சிமுத்து அதை மூன்று முறை சத்தமாகப் படித்தார். மற்ற மூவரும் மூன்று முறை எழுந்து நின்றார்கள்.

அளந்தால் நாலு அங்குலம்தான் இருந்தது.

"ரெண்டு அங்குலம் பத்துலீங்களே" என்றான் சென்னியப்பன்.

"வண்டிய ஏத்தோணும்னு இதுல எங்கயாச்சும் எழுதியிருக்குதா? நடுவுல ஆறு அங்குலம் இருந்தாச் சரி. வண்டி புதுசு மாட்டுனது, அதத் தொட்டா கேரண்டி போயிரும். தரைக்கு ஏது கேரண்டி?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

நியாயமான பேச்சுக்கு யார் மறுப்புச் சொல்வது? காருக்குப் பக்கத்தில் படுத்து, அடியில் கையை விட்டு இரண்டு அங்குல ஆழத்துக்கு ஷெட்டின் தரையைக் கொத்தி எடுத்தார்கள். அளந்தபோது மயிரிழை பிசகாமல் ஆறு அங்குலம் இருந்தது. திருமூர்த்தி பட்டாசு வெடித்தான். கொண்டாட்டம் முடிந்து வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவந்து அளந்தால் மறுபடி நாலு அங்குலம்.

"வெயிலுக்குச் சுருங்கிப் போச்சுங்க" என்றார் ஆறுக்குட்டி.

"அப்ப சேடங்காடு வரைக்கும் பந்தல் போடோணும்" என்றான் திருமூர்த்தி. பந்தல்காரருக்குப் போன் போட்டும் விட்டான். நல்லவேளையாக அவர் எடுக்கவில்லை.

சென்னியப்பன் அழாத குறையாக ஸ்டீபனுக்குப் போன் செய்தான். "வளையத்தத் திருகுங்க சார். திருகறதுக்குத்தான் அது இருக்கு!" என்று அங்கிருந்து கத்தல் வந்தது. சரி, திருகலாம் என்று முடிவானது. ஆனால் பங்காளி நாகரிகம் என்று ஒன்று இருக்கிறதே. அவரவர் வளையத்தை அவரவர் திருகினார்கள். பெரிய மனிதர்கள் பின்சீட்டில்தான் உட்காருவார்கள் என்பதால் நாச்சிமுத்து பின்பக்கச் சக்கரம் ஒன்றை வைத்திருந்தார். தலைவர் சக்கரம் மற்றவர்களுடையதைவிட உயரமாக இருப்பதுதான் மரியாதை என்று கடைசிப் புரி வரைக்கும் திருகினார். திருகி முடித்தபோது வண்டி, கம்பத்தைக் கண்ட நாய் மாதிரி பின்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது.

சென்னியப்பன் தலைவர் காலில் விழுந்தான். "மாமா கோவக்காரருங்க. இப்புடிப் போய் நின்னா பொண்ணு குடுப்பாருங்களா?"

நாச்சிமுத்து மனமிரங்கினார். தன்னை இறக்கிக்கொள்ள அவர் சம்மதிக்கவில்லை. மற்ற மூவரும் தன் உயரத்துக்கு வரலாம் என்று பெருந்தன்மையாக அனுமதித்தார். அந்தப் பெருந்தன்மையில் வண்டி தானாகவே ஆறு அங்குலத்துக்கு உயர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேரும் பட்டுச் சட்டை, பட்டு வேட்டியில் காருக்குள் திணிந்துகொண்டார்கள். சேடங்காடு எட்டு கிலோமீட்டர். வேகத்தடை வந்தது. சென்னியப்பன் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டு ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி நோகாமல் ஏறி நோகாமல் இறங்கியது. வாசலில் கிட்டுசாமி கைகூப்பினார். சுகந்தி ஆரத்தித் தட்டோடு வந்தாள். சென்னியப்பன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவளைப் பார்த்துக் கையசைத்தான். அசைத்துக்கொண்டே நிற்காமல் போய்விட்டான்.

தாளின் இரண்டாவது வரி அப்படி. "உயரம் வைத்த பிறகு நூறு கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி இறுக்கவும். நடுவில் பாரம் மாறினால் முதலிலிருந்து தொடங்கவும்." எட்டு கிலோமீட்டரில் எப்படி நிறுத்துவது? சேடங்காட்டைத் தாண்டிப் போய்த் திரும்பினார்கள். திரும்பி வெள்ளானைப்பாளையம் போய் மறுபடி வந்தார்கள். ஆறுக்குட்டி நடுவில் ஒரு தரம் இறங்கிவிட்டு ஏறியதால், மதியத்துக்கு மேல் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டியதாயிற்று. ஒவ்வொரு தடவையும் வண்டி வேகத்தடையில் அழகாக ஏறி இறங்கியது. ஒவ்வொரு தடவையும் சொந்தபந்தம் எழுந்து நின்று கும்பிட்டு உட்கார்ந்தது. எட்டாவது தடவை எழுந்திருக்க யாருக்கும் தெம்பில்லை. கோழிப்பண்ணைக்காரர் மட்டும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வசதியாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

மணி நாலு ஆனது. கிட்டுசாமி நிச்சயத் தட்டோடு நடுரோட்டுக்கு வந்து காரை மறித்தார்.

"மாப்ள, எறங்குங்க."

"எறங்குனா பாரம் மாறிருமுங்க மாமா. இன்னும் நாப்பது கிலோமீட்டருங்க" என்றான் சென்னியப்பன், ஸ்டியரிங்கை விடாமல்.

"அரை மணி நேரத்துல ராகு காலம் வந்துருமுங்க!"

"அப்ப தட்டச் சன்னல் வழியா உள்ள குடுங்" என்று ஆறுக்குட்டி வழி சொன்னார். கிட்டுசாமி நீட்டினார். தேங்காய், பூ, வெற்றிலை, பாக்கு, பழம், புடவை எல்லாம் இருந்த பித்தளைத் தட்டு. அதைச் சென்னியப்பன் இரண்டு கையாலும் வாங்கப் போகும்போது நாச்சிமுத்து பின்னாலிருந்து தோளைப் பிடித்தார்.

"அது எத்தன கிலோ?"

எதிர் மளிகைக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தார்கள். மூன்று கிலோ அறுநூறு கிராம். காருக்குள் நாலு முகமும் இருண்டன. உள்ளே வருகிற அளவுக்கு ஏதாவது வெளியே போயாக வேண்டும். ஆளில் பாதியைக் கழற்ற முடியாது. ஆகவே நாலு பேரும் செல்போன், செருப்பு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் சன்னல் வழியாகத் தராசுக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகு பட்டுச் சட்டைகள் போயின. அப்புறம் கொஞ்சம் யோசித்துவிட்டு வேட்டிகளும் போயின. பெண்கள் பக்கம் ஒரே சிரிப்பு. சென்னியப்பன் சிரிப்பு காதில் விழாதபடி ஹாரனை அமுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான். அதுவரை கழற்றாத ஒரே ஒரு உருப்படியோடு அவன் உட்கார்ந்திருக்க, கடைக்காரர் தராசைப் பார்த்துச் சொன்னார்: "இன்னும் அரைக் கிலோ பத்துலீங்."

மூவரும் சென்னியப்பனின் கடைசி உருப்படியைப் பார்த்தார்கள். அவன் அதை இறுகப் பிடித்துக்கொண்டான்.

அப்போது சுகந்தி நடந்து வந்தாள். தட்டிலிருந்து வாழைப்பழச் சீப்பை எடுத்துத் தராசில் போட்டுப் பார்த்தாள். அரைக் கிலோதான். "இதக் கொறச்சுட்டாச் சரியாப் போச்சுங்களே" என்றாள். ஊரே வாயைப் பிளந்தது. நாலு இருபத்தெட்டுக்குச் சென்னியப்பன் நிச்சயத் தட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். கெட்டிமேளம் முழங்கியது. கிட்டுசாமி கண்ணைத் துடைத்தார். சென்னியப்பன் வெட்கத்தை மறந்து சத்தம் போட்டே அழுதான்.

காலையிலிருந்து பட்டினி கிடந்தவன் என்று இரக்கப்பட்டு, சுகந்தி அந்தப் பழங்களை ஒவ்வொன்றாக உரித்துச் சன்னல் வழியாக நீட்டினாள். அவள் கையால் கொடுத்ததை அவன் ஒன்று விடாமல் தின்று தீர்த்தான்.

காரைக் கிளப்பும்போது நாச்சிமுத்து கேட்டார்: "செயலாளரே, அந்தப் பழமெல்லாம் இப்ப எங்க இருக்குது?"

"என்ற வயித்துலீங்க."

"உம்பட வயிறு?"

சென்னியப்பன் குனிந்து பார்த்தான். வயிறு காருக்குள்தான் இருந்தது.

"முதல்ல இருந்துங்க மாமா!" என்று சன்னலுக்கு வெளியே குரல் கொடுத்துவிட்டு, மடியில் நிச்சயத் தட்டோடும் இடுப்பில் கடைசி உருப்படியோடும், மாப்பிள்ளை அன்றைய முதல் கிலோமீட்டரை நோக்கி வேகத்தடையில் ஏறினான்.