சிறுத்தையைப் பிடித்த கிரகணம்

ஒரு காட்டில் சூரிய கிரகணம் பார்ப்பதற்காகக் காலையிலேயே கூட்டம் கூடிவிட்டது. யானை, கரடி, குரங்குக் குடும்பம் எல்லாம் மொட்டைப் பாறையில் ஏறி அண்ணாந்து பார்த்தன. கண் கூசித் தண்ணீர் கொட்டியதுதான் மிச்சம். குழந்தைகளே, நீங்கள் அப்படிப் பார்த்துவிடாதீர்கள். கரடிக்கு இன்றுவரை பார்வை சரியாகவில்லை.

அரும்பு என்ற சருகுமான் மட்டும் பாறைக்குப் போகவில்லை. உடம்பு முயலளவு, பயம் யானையளவு. அது நாவல் மரத்தடியில் குனிந்த தலையோடு நின்றது. அங்கே எப்போதும் வட்டமாக விழும் வெயில் பொட்டுகள் அன்று பிறை பிறையாக விழுந்து கிடந்தன.

‘இலையிடுக்கு ஒவ்வொன்றும் சூரியனைப் படம் பிடித்துக் கீழே போடுகிறது. மேலே சூரியன் தேய்ந்தால் கீழே படமும் தேய்கிறது’ என்று அரும்பு கண்டுகொண்டது. அந்த மகிழ்ச்சியில் காதைத் தீட்டி வைக்க மறந்தது.

பொத்தென்று ஒரு பாதம் அதன் முதுகில் விழுந்தது. சிறுத்தை! தன் தோலைப் போல் அழகு மூன்று மலையிலும் கிடையாது என்று தினமும் சொல்லித் திரியும் அதே சிறுத்தை.

“என்ன பொடிசு, தரையில் கிரகணம் தேடுகிறாயா?”

அரும்புக்கு மூச்சே நின்றுவிட்டது. ஆனாலும் கண் திறந்துதான் இருந்தது. சிறுத்தையின் பொன்னிற முதுகிலும் பிறைகள் விழுந்திருந்தன.

“ஐயோ அண்ணா! உங்களையும் பிடித்துவிட்டதே!”

“எது?”

“கிரகணம்தான். முதுகைப் பாருங்கள்.”

சிறுத்தை திரும்பிப் பார்த்தது. தன் கரும்புள்ளிகளுக்கு நடுவே முதுகெல்லாம் அரைகுறைப் பொட்டுகள். ஒன்றை நக்கிப் பார்த்தது, போகவில்லை.

“இதற்கு என்ன செய்வது?”

“வேறென்ன, வழக்கமாகச் செய்வதுதான். ஓடையில் தலை முழுகுங்கள்.”

“சரி, உன்னைக் கவ்விக்கொண்டே போகிறேன்.”

“கிரகணம் பிடித்திருக்கும்போது வாயில் எதையாவது வைக்கலாமா அண்ணா? ஒட்டிக்கொண்டு நிரந்தரமாகிவிட்டால்?”

சிறுத்தை மெல்லப் பாதத்தைத் தூக்கியது.

“இங்கேயே நில். அசைந்தாயோ, தொலைத்துவிடுவேன்.”

“நான் எங்கே போகப்போகிறேன்?” என்றது அரும்பு.

சிறுத்தை ஓடைக்குப் பாய்ந்தது. மரமில்லாத வெட்டவெளியில் ஏது பிறை? முதுகு பளிச்சென்றிருந்தது. ‘தண்ணீரைக் கண்டதுமே கிரகணம் பயந்து ஓடிவிட்டது!’ என்று பூரித்தது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு முழுக்கும் போட்டுத் திரும்பியது. மரத்தடியில் அரும்பைக் காணோம். முதுகில் மறுபடியும் பிறைகள்!

மானைத் தேடுவதா, முதுகைக் கவனிப்பதா? சிறுத்தை கொஞ்சமும் யோசிக்காமல் ஓடைக்கே ஓடியது.

அன்று அது பதினொரு முறை முழுகியது. பதினொன்றாம் முழுக்கில்தான் குணமானது என்று தும்மலுக்கு நடுவே இன்றும் எல்லாரிடமும் சொல்லிவருகிறது.

நீதி: அஞ்சினாலும் கண்ணைத் திறந்து வைத்திருப்பவன் தப்புவான், தன் அழகிலேயே கண்ணாயிருப்பவன் கைக்கு வந்ததையும் விடுவான்.