பாதியில் நின்ற சேதி

ஒரு மலையின் இரண்டு பக்கமும் காடு. உச்சியில் ஓர் இலவ மரம். அதில் உட்கார்ந்த கரிச்சான் குருவிதான் இந்தப் பக்கத்துச் சேதியை அந்தப் பக்கத்துக்குச் சொல்லும். அதன் குரல் மட்டும்தான் மலையைத் தாண்டும்.

காட்டுத் தலைவர் கரடியார் இதற்கு ஒரு சட்டம் போட்டிருந்தார். சேதி சொல்பவர், கடைசியில் "அவ்வளவுதான்" என்று சொல்ல வேண்டும். அதுவரை கரிச்சான் வேறு யார் பேச்சையும் கேட்கக் கூடாது. பேச்சை அறுப்பது மரியாதையில்லையாம்! பெரிய மரியாதை!

ஒருநாள் ஆமை பேச ஆரம்பித்து, பாதியில் தூங்கிவிட்டது. கரிச்சான் பொழுது சாயும்வரை காத்துக் கிடந்தது. இதைப் பார்த்த மருதி என்ற பெண்மான் நேரே கரடியிடம் ஓடியது.

"ஐயா, யாராவது வேணும்னே பாதியில நிறுத்திட்டா என்ன ஆகும்? சட்டத்தை மாத்துங்க!"

கரடி தேனை நக்கிக்கொண்டே சிரித்தது. "அப்படி யாரும்மா செய்யப் போறா? போ, போய் புல்லு மேயி!"

மருதி மறுபடியும் போய்ச் சொன்னது. கரடி கொட்டாவி விட்டது. புதருக்குள் படுத்திருந்த நரி மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது.

மறுநாள் காலை நரி இலவ மரத்தடிக்கு வந்தது. "கரிச்சானே, ஒரு முக்கியமான சேதி! அந்தப் பக்கத்து ஆளுங்ககிட்ட சொல்லு, அதாவது..." என்றது. அப்படியே நழுவிவிட்டது.

அந்த நேரம் பார்த்து, நரியின் கூட்டாளிகளான செந்நாய்கள் கணவாய் வழியாக அந்தப் பக்கம் இறங்கின. மருதியின் குட்டி அங்கேதான் புல்லுக்குள் படுத்திருந்தது!

"கரிச்சானே! செந்நாய் வருது! குட்டிகளை ஒளியச் சொல்லு!" மருதி அலறியது.

"கொஞ்சம் இரு அக்கா! நரியார் இன்னும் முடிக்கலை."

"நாசமாப் போச்சு! அவன் எப்பவோ போயிட்டான்!"

"'அவ்வளவுதான்'னு சொல்லலையே! சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

மருதி மலையேறி ஓடியது. கால் குளம்பு பிளந்து ரத்தம் வழிந்தது. போய்ச் சேர்ந்தபோது புல் நசுங்கிக் கிடந்தது. குட்டி இல்லை.

சாயங்காலம் கரடி கூட்டம் போட்டு உறுமியது. "எல்லாம் அந்தப் பாழாப்போன நரி வேலை! பிடிச்சு இழுத்துட்டு வாங்க!"

"நிறுத்துங்க!" என்றது மருதி. "நரி புத்தி ஊருக்கே தெரியும். இப்படி நடக்கும்னு உங்ககிட்ட வந்து சொன்னேனே, அப்ப வாயில தேனா இருந்துச்சு!"

பிறகு அது கரிச்சானைப் பார்த்தது. "இனிமே ஒருத்தர் பேச்சு நின்னா, அடுத்தவங்களைக் கூப்பிடு."

"கரடியார் உத்தரவு..."

"பிள்ளையைப் பறிகொடுத்தவ சொல்றேன். செய்!"

கரிச்சான் தலையாட்டியது. ஒரு மிடறு தண்ணீர் குடிக்கிற நேரத்தில் சட்டம் மாறிவிட்டது.

நீதி: ஓட்டை இருக்கிறது என்று சொல்லியும் அடைக்காதவன், அதற்குள் நுழைந்தவனைவிடப் பெரிய குற்றவாளி.