முதலாளிக்கு வந்த கிட்னிக் கோளாறு

செங்கல் சூளை முதலாளி வேலாயுதசாமிக்கு மருத்துவ முகாம் மேல் சந்தேகம். தன் ஆட்கள் யாரும் போகக்கூடாது என்று தடுத்துவிட்டார். ஆனால் ஊர்ப் பெரியவர் என்று முதல் பரிசோதனைக்கு அவரையே அழைத்தார்கள். சர்க்கரை இருப்பது தெரிந்தால் மகளின் சம்பந்தம் கெட்டுவிடுமே! சிறுநீர் பிடிக்கக் கொடுத்த டப்பாவைச் சூளையாள் சடையனிடம் ரகசியமாகத் தள்ளினார்.

"நீ புடிச்சுக் குடு. வெளியே மூச்சு விட்டா வேலை கிடையாது."

சடையன் கொடுத்தான்.

முடிவு வந்ததும், "எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க டாக்டர்" என்று நெஞ்சை நிமிர்த்தினார் முதலாளி.

"சிறுநீர்ல புரதம் போகுதுங்க. கிட்னி கெட ஆரம்பிச்சிருக்கலாம். நெருப்புப் பக்கத்துல தண்ணி குடிக்காம வேலை செய்யறீங்களா?"

முதலாளி விழித்தார். சடையன் முன்னே வந்து கைகூப்பினான்.

"எட்டிப் பாக்கிற முதலாளிக்கே இப்படின்னா, நாள் பூரா அங்கேயே வேகிற எங்க கதி என்னங்க? எங்களையும் பாருங்க டாக்டர்."

முதலாளி தலையாட்ட வேண்டியதாயிற்று. சூளையாட்கள் அன்றே வரிசையில் நின்றார்கள், சடையன் முதல் ஆளாக.